சாசேஜ் தோல், ஃபோர்டு பம்பு, பழச்சாறு டப்பா: செயற்கைச் சிறுநீரகம் பிறந்த கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணனுக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உடன் செல்பவருக்கு வார்டுக்கு வெளியே ஒரு நாற்காலியும் நிறைய நேரமும் கிடைக்கும். அந்த நேரத்தில் நான் இந்த இயந்திரத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் இவை. நான் மருத்துவன் அல்லன். இங்கே சிகிச்சை ஆலோசனை கிடையாது.

செயற்கைச் சிறுநீரகம் என்றால் உடம்புக்குள் பொருத்துவதா?

இல்லை. உடம்புக்கு வெளியே நிற்கும் டயாலிசிஸ் இயந்திரத்துக்குத்தான் தொடக்கத்தில் அந்தப் பெயர் வைத்தார்கள். மாற்றுச் சிறுநீரக அறுவை சிகிச்சை வேறு கதை.

அது அப்படி என்னதான் செய்கிறது?

கருவாட்டைக் குழம்பில் போடும் முன் தண்ணீரில் ஊற வைப்போம். உப்பு தண்ணீரில் இறங்கும், மீன் அப்படியே இருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் இறங்கும். அடர்த்தி கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் சிறு துகள்கள் தாமாகவே நகரும். டயாலிசிஸின் அடிப்படை இவ்வளவுதான்.

ரத்தத்தை ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ஓட விடுகிறார்கள். மறுபக்கம் ஒரு கரைசல். யூரியா, கிரியேட்டினின் போன்ற சிறிய கழிவுகள் சவ்வின் நுண்துளை வழியே கரைசலுக்குப் போகும். ரத்த அணுக்களும் புரதங்களும் பெரியவை, அவற்றால் அந்தத் துளைகளில் நுழைய முடியாது. அப்படியானால் உடம்புக்குத் தேவையான உப்பும் சேர்ந்து போய்விடாதா என்று கேட்கலாம். போகாது. ரத்தத்தில் இருக்கும் அளவுக்கே கரைசலிலும் உப்பைக் கலந்து வைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருப்பது எதற்காக இறங்க வேண்டும்?

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

தாமஸ் கிரகாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர். மருத்துவத்துக்காக அவர் இதைச் செய்யவில்லை. 1861-இல் வெளியிட்ட கட்டுரையில், எந்தப் பொருள் சவ்வைக் கடக்கும், எது கடக்காது என்று பிரித்துக் காட்டினார். அதற்கு ‘டயாலிசிஸ்’ என்று கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தவரும் அவரே.

அவர் வைத்திருந்த கருவி நம் வீட்டுச் சல்லடை மாதிரி: ஒரு வளையம், அதன் அடியில் இழுத்துக் கட்டிய தாள்தோல். அதில் சிறுநீரை ஊற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்க விட்டார். ஒரு நாள் கழித்து வெளித் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைத்ததில் வெள்ளையாக உப்புப் படிவு தங்கியது. அதிலிருந்து யூரியாவைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் நோயாளியின் ரத்தத்திலிருந்து எதை வெளியேற்ற வேண்டியிருந்ததோ, அதே யூரியா. ஆனால் ரத்தத்தை அந்தச் சல்லடையில் ஊற்றிப் பார்க்க இன்னும் ஐம்பது வருஷம் ஆனது.

அட்டைப்பூச்சியை அரைத்து ஊற்றினார்களாமே, உண்மையா?

உண்மை. 1913-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஏபெல், ரவுன்ட்ரீ, டர்னர் என்ற மூவர் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார்கள். அந்தப் பெயரும் அவர்கள் காலத்தில் வந்ததுதான். கண்ணாடி உறைக்குள் கொலோடியன் என்ற பொருளால் செய்த மெல்லிய குழாய்கள்; அவற்றின் வழியே உயிருள்ள நாயின் ரத்தம் ஓடி, கழிவை விட்டுவிட்டு மீண்டும் நாயின் உடம்புக்கே திரும்பியது.

ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்ததும் உறையும். உறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க அன்று கிடைத்த ஒரே பொருள் ஹிருடின், அதாவது அட்டை கடிக்கும்போது சுரக்கும் சாறு. ஆகவே அட்டைகளை வாங்கி, தலைகளை வெட்டி அரைத்துச் சாறு எடுத்தார்கள். அட்டை ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது, அட்டை வரத்து நின்றது, ஆராய்ச்சியும் படுத்தது.

மனிதருக்கு முதலில் செய்தது எப்போது?

1924 இலையுதிர் காலம், ஜெர்மனியின் கீசன் நகரம், மருத்துவர் கியோர்க் ஹாஸ். பதினைந்து நிமிடம் மட்டும். நோய் குணமாகும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஆள் தாங்குகிறாரா என்று பார்த்தார். தாங்கினார். ஆனால் அட்டைச் சாறு சுத்தமாக இல்லாததால் காய்ச்சல் வந்தது. அடுத்த சில வருஷங்களில் இன்னும் சிலருக்குச் செய்தார், 1928-இல் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தையும் பயன்படுத்திப் பார்த்தார். பிறகு ஆதரவில்லாமல் விட்டுவிட்டார். ‘மனிதருக்கு முதலில் செய்தவர்’ என்ற பட்டம் பின்னால் வந்த நெதர்லாந்து மருத்துவர் கோல்ஃபுக்குத்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஹாஸின் பெயர் இப்படி விடுபடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஹாஸிடம் இல்லாதது என்ன?

இரண்டு சாமான்கள்.

ஒன்று, நல்ல ஹெப்பாரின். அதைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. 1916-இல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கைக்கு வந்ததோ உறைய விடாத பொருள். கல்லீரலிலிருந்து எடுத்ததால், கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து ஹெப்பாரின் என்றார்கள். இது நடந்தது வேறெங்கோ இல்லை, ஏபெல் அட்டைத் தலை அரைத்த அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், மூன்றே வருஷம் கழித்து. ஆனால் மனிதருக்குக் கொடுக்கும் அளவுக்கு அதைச் சுத்தப்படுத்த 1930கள் வரை ஆனது.

இன்னொன்று, நம்பகமான சவ்வு. ஏபெலும் ஹாஸும் கொலோடியன் குழாய்களைக் கையாலேயே வார்த்தெடுக்க வேண்டியிருந்தது, தொட்டால் உடையும். இதற்கிடையே செலோபேன் வந்தது. மிட்டாய் சுற்றும் கண்ணாடித் தாளேதான். இறைச்சிக் கம்பெனிகள் அதைக் குழாயாக்கி, சாசேஜ் அடைக்க மிருகக் குடலுக்குப் பதிலாகப் பயன்படுத்தின. மீட்டர் கணக்கில், ஒரே சீராக, மலிவாகக் கிடைத்தது. மருத்துவ உலகம் இதற்காக ஒரு காசு செலவழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கோல்ஃப் யார்? அவருக்கு ஏன் இந்த எண்ணம் வந்தது?

வில்லெம் கோல்ஃப், 1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பிறந்தவர். 1938-இல் குரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இளம் மருத்துவர். அவர் பொறுப்பில் இருந்த நான்கு படுக்கைகளில் ஒன்றில் விவசாயி ஒருவரின் மகன், இருபத்திரண்டு வயது, சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார். கண் பார்வை போனது, ஓயாத வாந்தி. தாயிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டிய வேலை கோல்ஃபுடையது. ஒரு நாளில் அந்த உடம்பில் சேரும் யூரியாவை மட்டும் எடுத்துவிட்டால் பையன் பிழைப்பானே என்று அவர் கணக்குப் போட்டார்.

பேராசிரியர் ராபர்ட் பிரிங்க்மன் அவருக்கு செலோபேனைப் பற்றிச் சொன்னார். கோல்ஃப் செய்த சோதனையை இன்று ஒரு பள்ளி ஆய்வகத்தில் கூடச் செய்யலாம். நாற்பத்தைந்து சென்டிமீட்டர் சாசேஜ் தோல். அதற்குள் 25 மில்லிலிட்டர் ரத்தம், அதில் வேண்டுமென்றே கலந்த யூரியா. இரு முனையையும் கட்டி, உப்புத் தண்ணீரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினார். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், ஏறக்குறைய எல்லா யூரியாவும் தண்ணீருக்கு வந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு மிச்சமிருந்தது பெருக்கல் கணக்குத்தான்: எவ்வளவு நீளத் தோல், எவ்வளவு நேரம் ஆட்டுவது.

போர்க்காலத்தில் இயந்திரம் செய்யச் சாமான் எங்கே கிடைத்தது?

1940 மே மாதம் ஜெர்மன் படை நெதர்லாந்தில் நுழைந்தது. கோல்ஃபை ஊக்குவித்த யூதப் பேராசிரியர் பொலாக் டேனியல்ஸ் தற்கொலை செய்துகொண்டார். அவர் இடத்தில் நாஜிக்காரர் ஒருவரை அமர்த்தினார்கள். அவரின்கீழ் வேலை செய்ய மனமில்லாமல் 1941-இல் கோல்ஃப் காம்பென் என்ற சிற்றூரின் சிறிய மருத்துவமனைக்குப் போய்விட்டார். ஒரு பெரும் கண்டுபிடிப்புக்கு ஏற்ற இடமாக யாரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அந்த ஊரில் எனாமல் பாத்திர ஆலை ஒன்று இருந்தது. நெதர்லாந்துக்காரர்களின் சமையலறையில் இன்றும் காணும் ‘பிகே’ பாத்திரங்களின் பிறப்பிடம் அதுதான். பெர்க், காம்பென் என்பதன் சுருக்கம். ஆலையை நடத்திய ஹெண்ட்ரிக் பெர்க், ஆக்கிரமிப்புக்காரர்களின் கண்ணில் படாமல் இயந்திரத்தைச் செய்துகொடுத்தார்.

அதன் தோற்றத்தை மனதில் கொண்டுவர, பெரிய எனாமல் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் நூறு லிட்டர் கொள்ளும். அதன் மேல் படுக்கைவாட்டில் மரச்சட்டங்களால் ஆன உருளை, பாதி தண்ணீரில் மூழ்கியபடி. உருளையைச் சுற்றிக் கிணற்றுக் கயிறு மாதிரி செலோபேன் குழாய். மோட்டார் உருளையைச் சுற்றும்போது, குழாய்க்குள் இருக்கும் ரத்தம் தன் பாரத்தாலேயே அடிப்பக்கம் தங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்ந்து போகும். பம்பு வைத்துத் தள்ள வேண்டியதில்லை. தொட்டித் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு, பொட்டாசியம் குளோரைடு, சர்க்கரை.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. உருளை சுற்றுகிறது, நோயாளி சுற்றவில்லை. நோயாளியின் கையிலிருந்து வரும் குழாய் முறுக்கிக்கொள்ளாமல், ரத்தமும் ஒழுகாமல் சுற்றும் உருளையோடு எப்படி இணைப்பது? ஊரிலிருந்த ஃபோர்டு கார் விற்பனையாளரிடம் விடை இருந்தது. கார் எஞ்சினின் தண்ணீர் பம்பில் சுற்றும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் இணைப்பு உண்டு. அதே யோசனையைக் கோல்ஃப் எடுத்துக்கொண்டார்.

உடனே வெற்றியா?

இல்லவே இல்லை. 1943 மார்ச் மாதம் முதல் நோயாளி, இருபத்தொன்பது வயதுப் பெண். பன்னிரண்டு முறை செய்தார்கள். ஒவ்வொரு முறையும் தெளிவு வந்தது, பேசினார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டும், ஒரு முறை பயன்படுத்தியது மறுமுறை உதவாது. கடைசியில் குத்துவதற்கு இடம் இல்லாமல் போனது, அவர் இறந்தார்.

முதல் பதினாறு பேரில் பதினைந்து பேர் இறந்தார்கள். பிழைத்த ஒருவரும் இயந்திரம் இல்லாமலேயே பிழைத்திருக்கக்கூடும் என்று கோல்ஃப் நேர்மையாகச் சொன்னார். இந்த எண்ணிக்கையோடு இன்று ஒருவர் நெறிமுறைக் குழுவின் முன் போய் நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பதினேழாவது நோயாளி 1945 செப்டம்பரில் வந்தார். அறுபத்தேழு வயது. போர் முடிந்திருந்தது; நாஜிகளோடு ஒத்துழைத்தவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்த பெண். ஊரில் அவரைப் பிடிக்காதவர்களே அதிகம், செத்தால் சாகட்டும் என்றவர்களும் உண்டு. கோல்ஃப் கேட்கவில்லை. பதினொன்றரை மணி நேர டயாலிசிஸுக்குப் பிறகு நினைவு திரும்பியது. அந்த அம்மாள் கண் விழித்துச் சொன்ன முதல் பேச்சு, ‘என் கணவரை விவாகரத்து செய்யப் போகிறேன்’ என்பது என்று கோல்ஃப் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த அம்மாளின் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்ய ஆரம்பித்தது, இன்னும் சில வருஷங்கள் வாழ்ந்தார்.

கோல்ஃப் ஒருவர்தானா?

அல்ல. சுவீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் ஆல்வால் 1946-இல் மூடிய கலத்துக்குள் வைத்த இயந்திரத்தால் நோயாளிக்குச் சிகிச்சை தந்தார். அழுத்தத்தைக் குறைத்து, ரத்தத்தில் தேங்கிய அதிகப்படியான நீரையும் இழுத்தெடுக்க அதனால் முடிந்தது. கோல்ஃபின் உருளையால் இதைச் சரியாகச் செய்ய முடியாது. இன்று வார்டில் ‘இரண்டரை கிலோ தண்ணீர் எடுத்தோம்’ என்று நர்ஸ் சொல்கிறாரே, அந்த வேலையின் மூதாதை ஆல்வால். கனடாவின் டொரண்டோவில் கோர்டன் மரேயும் அதே 1946-இல் சொந்தமாக ஒன்று செய்தார்.

மருத்துவர்கள் ஆவலோடு ஏற்றுக்கொண்டார்களா?

பலர் முகம் சுளித்தார்கள். கோல்ஃபின் சொந்த நாட்டிலேயே, ஆம்ஸ்டர்டாமில் போர்ஸ்ட் என்ற பேராசிரியர், சரியான சாப்பாடு போதும் என்றார். புரதம் இல்லாமல் வெண்ணெயும் சர்க்கரையும் மட்டும் கொடுத்தால் யூரியா குறைவாகவே சேரும், சிறுநீரகம் தேறும்வரை காலம் தள்ளலாம் என்பது வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. வெண்ணெய் உருண்டையை விழுங்கிப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்களோ! லண்டனிலும் கோல்ஃப் அனுப்பிய இயந்திரத்தைக் கொஞ்ச காலம் பயன்படுத்திவிட்டு இந்த வழிக்கே போனார்கள்.

கோல்ஃப் சோர்ந்துவிடவில்லை. இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்காமல், போருக்குப் பின் பல நாட்டு மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே கொடுத்தார். 1948-இல் பாஸ்டன் நகரத்துப் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் அவருடைய வரைபடத்தை வைத்துத் துருப்பிடிக்காத எஃகில் திருத்திய இயந்திரம் தயாரானது. மருத்துவ உலகின் மனத்தை மாற்றியது கொரியப் போர். 1952-இல் போர்முனைக்குப் பக்கத்தில் அந்த இயந்திரத்தை நிறுத்தினார்கள். படுகாயமடைந்தவர்களின் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து ரத்தத்தில் ஏறும், இதயம் நிற்கும். சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் இறந்த நிலை மாறி, இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அப்போதே எல்லாருக்கும் வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கலாமே?

முடியாது. காம்பெனில் இறந்த முதல் பெண்ணுக்கு என்ன தடையோ, 1950கள் முழுக்க அதே தடை: ரத்தக்குழாய். தற்காலிகமாகச் சிறுநீரகம் நின்றவரை இரண்டு மூன்று முறை இயந்திரத்தில் போட்டுக் காப்பாற்றலாம். நிரந்தரமாக நின்றவருக்கு வாரத்துக்குப் பல முறை, வருஷக்கணக்காக, புதிதாக வெட்டிக்கொண்டே போக உடம்பில் எத்தனை ரத்தக்குழாய் இருக்கிறது?

1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் ஒரு வழி கண்டார். முன்னங்கையின் தமனியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய். இரண்டையும் தோலுக்கு வெளியே வளைவாக இணைத்து நிரந்தரமாக விட்டுவிடுவது. டயாலிசிஸ் அன்று வளைவைக் கழற்றி இயந்திரத்தில் மாட்டலாம், முடிந்ததும் பழையபடி இணைத்துவிடலாம். ரத்தம் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருப்பதால் எளிதில் உறையாது. குழாய் எதில் செய்வது? டெஃப்லானில். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் தோசை ஒட்டாததைப் போலவே அதில் ரத்தமும் எளிதில் ஒட்டாது. பொறியாளர் வேய்ன் குவின்டன் அதை வளைத்துக் கொடுத்தார். அந்த மார்ச்சில் முதலில் பொருத்திக்கொண்டவர் போயிங் விமானத் தொழிற்சாலைத் தொழிலாளி. சில நாள்தான் என்று கெடு வைக்கப்பட்டிருந்த அவர் அதன் பிறகு பதினோரு வருஷம் வாழ்ந்தார்.

யாருக்கு இயந்திரம் என்று குழு போட்டு முடிவெடுத்தார்களாமே?

ஆம், அதே சியாட்டிலில். 1962-இல் அங்கே டயாலிசிஸ் மையம் தொடங்கியது. தேவைப்பட்டவர்கள் அதிகம், இயந்திரம் சில. ஊரார் ஏழு பேர் கொண்ட குழு பெயர் வெளியிடாமல் கூடியது: ஒரு பாதிரியார், வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர், அரசு அதிகாரி, அறுவை மருத்துவர். விண்ணப்பித்தவரின் வருமானம், பிள்ளைகள் எத்தனை பேர், தேவாலயத்துக்குப் போகிறாரா என்பது வரை பார்த்தார்கள். பத்திரிகையில் செய்தி வந்ததும் நாடே கொதித்தது. எனக்கு அந்த ஏழு பேர் மேல் கோபம் வரவில்லை. அவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்த பற்றாக்குறை மேல்தான் கோபம். 1972-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றிச் செலவை ஏற்ற பிறகே அந்த நிலை தீர்ந்தது.

கையில் புடைத்துத் தெரியும் ஃபிஸ்டுலா ஸ்கிரிப்னரின் அந்தக் குழாயா?

இல்லை, அதற்கு அடுத்த படி. வெளியே தொங்கும் குழாயில் தொற்று வரும், அடைப்பு வரும். 1966-இல் நியூயார்க்கில் பிரேசியா, சிமினோ உள்ளிட்ட மருத்துவர்கள், குழாயே வேண்டாம் என்று தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியில் நேராகச் சேர்த்துத் தைத்த முறையை வெளியிட்டார்கள். தமனியின் வேகத்தைத் தாங்கித் தாங்கிச் சிரை தடித்துவிடும். பிறகு சாதாரண ஊசி போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் குத்தலாம்.

அண்ணன் கை மணிக்கட்டுக்கு மேல் விரல் வைத்தால் பூனையின் வயிற்றைத் தொட்டது போல ஓர் அதிர்வு. தினமும் காலையில் எழுந்ததும் அவர் பல் துலக்கும் முன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பழச்சாறு டப்பாவில் இயந்திரம் செய்தார்கள் என்பது கட்டுக்கதையா?

இல்லை. 1950-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குக் குடிபெயர்ந்த கோல்ஃப், வாட்சிங்கர் என்ற மருத்துவரோடு சேர்ந்து, செலோபேன் குழாயைப் பழச்சாறு டப்பாவைச் சுற்றிச் சுருளாக்கிப் பார்த்தார். ‘இரட்டைச் சுருள்’ என்ற பெயரில் 1956-இல் அது கடைச்சரக்காக வந்தது. பயன்படுத்தித் தூக்கிப் போடலாம். ஜப்பானின் சப்போரோவில் யுகிஹிகோ நோசே 1960களின் தொடக்கத்தில் வீட்டு வாஷிங் மெஷினின் தொட்டியில் சுருளை வைத்து டயாலிசிஸ் செய்தார்.

இந்தியாவுக்கு எப்போது வந்தது?

1960களின் தொடக்கத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். 1971-இல் அங்கேயே மாற்றுச் சிறுநீரக அறுவை சிகிச்சையும் நடந்தது.

கோல்ஃபின் உருளை இப்போது எங்கே போனது?

இயந்திரத்தின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும், ஒரு முழம் கூட இல்லாத ஒளிபுகும் உருண்டைக் குழல்தான் இன்றைய உருளை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே தலைமுடிக் கற்றை மாதிரி வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு முடியும் உள்ளீடற்ற குழாய், ஆயிரக்கணக்கில் இருக்கும். 1960களில் அமெரிக்காவில் உருவான யோசனை இது. அத்தனையையும் விரித்துப் போட்டால் மொத்தப் பரப்பு பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர், காம்பெனில் தொட்டியின் மேல் சுற்றிய சாசேஜ் தோலின் பரப்பும் ஏறக்குறைய அதுவேதான். சிகிச்சை முடியும்போது செவிலியர் உப்பு நீர் விட்டுக் கழுவுவார். சிவப்பாக இருந்த கற்றை மெல்ல வெளுக்கும். அந்த வெளுப்பைக் கண்டதும் நான் அண்ணனின் செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வைப்பேன்.